மூடுபனியில் முடங்கிய மொறிஸ் மைனர்

கம்பளையிலிருந்து புசல்லாவையைக் கடந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் ஏ-5 வீதியில், 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்ற இறம்பொடை நீர்வீழ்ச்சியின் சாரலும் கொத்மலைப் பள்ளத்தாக்கிலிருந்து எழும் பனிமூட்டமும் ஒன்றுகலக்கும் இடத்தில், இராத்திரி முழுதும் வெளியே நின்ற ஒரு பழைய கார் விடியற்காலையில் கிளம்ப மறுத்தால், அதன் காரணத்தை எப்படிக் கண்டறிவது என்பதே இன்றைய விஷயம்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கார் மொறிஸ் மைனர். 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, பின்னர் நம் நாட்டில் தோட்டத்துரைமாரும் டாக்டர்மாரும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் ஓட்டித் திரிந்த இந்த வண்டி, 1977-இல் இறக்குமதி தாராளமாக்கப்படும் வரையில் புதிய கார்கள் கிடைப்பது அருமையாயிருந்த காரணத்தால், மெக்கானிக் பாஸ்மாருடைய கைவண்ணத்திலேயே தலைமுறைகளைத் தாண்டிப் பிழைத்தது. 948 சீசீ கொண்ட 1956-ஆம் ஆண்டுக்குப் பிந்திய மாதிரியையே மனத்தில் வைத்துப் பேசுகிறேன்; ஒஸ்டின் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சாமானியமாக எல்லோரும் செய்கிற காரியம், கார் கிளம்பவில்லை என்றதும் சோக்கை இழுத்து, பெற்றோல் மிதியை நாலைந்து தரம் மிதித்து, பற்றரி சாகும்வரை ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டேயிருப்பது. அதை விட்டுவிட்டு, முதலில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். இந்த யந்திரம் தன் வியாதியைத் தானே சொல்லிவிடும்.

ஸ்டார்ட்டரை இழுத்தும் சத்தமே இல்லையென்றால், முன்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். விளக்கு அணைந்துபோவதுபோல் மங்கினால் பற்றரி வலுவிழந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் எரிந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டரை எட்டவேயில்லை. "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டு விளக்கும் மங்கி யந்திரம் அசையாமல் நின்றால், ஸ்டார்ட்டரின் பற்சக்கரம் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும்; கடைசிக் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னுமாக அசைத்தால் விடுபட்டுவிடும். ஆனால் நம்முடைய வீதி சமதரையன்று. சக்கரத்துக்குக் கல் வைக்காமல் ஹேண்ட்பிரேக்கை எடுக்கவேண்டாம்.

பக்கத்து வீட்டுப் புதிய காரின் பற்றரியிலிருந்து கம்பி கொடுத்து உயிரூட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் மாற்றப்படாத மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும்; புதிய காரிலோ எதிர்முனை. ஆகவே நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் மட்டுமே இணைக்கவேண்டும்; இரண்டு வண்டிகளின் உடலும் ஒன்றையொன்று தொட்டுவிடவே கூடாது.

யந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையென்றால்தான் சாதுரியம் வேண்டியிருக்கிறது. இந்தப் பனிக் காலையில் என்னுடைய முதற் சந்தேகம் பெற்றோலின் மேலன்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலேயே விழும். கொயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டாகப் பாய்ந்து வருகின்ற மின்சாரம், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாவதைவிட, மூடியின் உட்புறத்தில் படிந்த மெல்லிய ஈரத்தின் வழியே ஒழுகிப் போவதையே சுலபமாகக் காண்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள்; பிளக் வயர்களையும் விட்டுவிடவேண்டாம். பென்சிலால் இழுத்ததுபோன்ற கருங்கோடு உள்ளே தெரிந்தால் துடைத்துப் பிரயோசனமில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ட்டின் இடைவெளி: ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்தால் அதில் 15 பங்கு. மேலே இறம்பொடை மலைக் கோயிலிலிருக்கும் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்வதில் தவறேதும் இல்லை. மூடியைத் துடைத்துவிட்டு வேண்டிக்கொள்வது உத்தமம்.

பொறி வருகிறதென்று தெரிந்தபின் பெற்றோலைப் பார்ப்போம். சுவிட்சைப் போட்டதும் எஸ்.யூ. பம்ப் "டிக் டிக்" என்று வேகமாக அடித்து, கார்பரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடவேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. சத்தமே வராவிட்டால் பம்பின் உடலில் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். பெரும்பாலும் விழித்துக்கொள்ளும், ஆனால் அது தற்காலிகச் சிகிச்சைதான். 2022-ஆம் ஆண்டுப் பெற்றோல் பஞ்சத்தில் மாதக்கணக்காய் நின்ற வண்டிகளைப்போல நெடுநாள் ஓடாத காரென்றால், பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றாமல் வேறெதையும் தொடவேண்டாம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்து அது பெற்றோலில் நனைந்திருந்தால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, மிதியை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரை இயக்குங்கள். கொழும்பில் சரிசெய்யப்பட்ட கார்பரேட்டருக்கு இந்த உபத்திரவம் அதிகம். ஏறத்தாழ 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் ஐந்தில் நாலு பங்களவே இருப்பதால், கொழும்பில் சரியாயிருந்த கலவை இங்கே பெற்றோல் மிகுந்ததாகிவிடுகிறது.

காலையில் ஒழுங்காகக் கிளம்பிய கார், ஏற்றமெல்லாம் ஏறி வந்து, நீர்வீழ்ச்சியைப் பார்க்க நிறுத்திய பத்து நிமிஷத்தில் கிளம்ப மறுப்பது வேறு வியாதி. வெப்பத்தால் குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகிவிட, பம்ப் ஆவியைத்தான் இழுக்கிறது. பொனற்றைத் திறந்துவைத்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு, இருந்தும் கிளம்பவில்லை என்றால், சுவிட்சை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றில் நாலு தடவை கை எதிர்ப்பை உணரவேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அந்த எதிர்ப்பு இல்லையென்றால் ஹெட் காஸ்கெட் போய்விட்டிருக்கலாம். அது வீதியோரத்து வேலையன்று, கராஜுக்கு இழுத்துப் போகவேண்டிய வேலை. கம்பளைப் பக்கம் இறக்கம், நுவரெலியாப் பக்கம் ஏற்றம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இழுவை வண்டிக்காரரிடம் கூலி பேசுங்கள்.