உங்களுக்குத் தெரியுமா? – ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது
1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வந்த வியாபாரம் கைகூடாமல் விடுதியில் தனித்து நின்றார் பில் வில்சன் என்பவர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன; பக்கத்திலேயே மதுக்கூடம். அங்கே நுழையாமல் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் போதும் என்று வந்த டாக்டர், பல மணி நேரம் பேசினார். குடியை விட விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு பிறந்த கதை இது.

இன்றும் அந்த அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தாரும் உடன் போகலாம். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டத்தில் பேசத் தயக்கமா? சும்மா உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்.