பேரனுக்கும் ஒரு பலா, நமக்கும் ஒரு கொய்யா: பூர்வீக நிலத்தில் பழமரம் நடுவோர் கவனத்துக்கு

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் பள்ளத்தாக்கில் அருவியாக விழும். அந்தப் பக்கம் போயிருந்தால் வழியெங்கும் பார்த்திருப்பீர்கள்: காபிச் செடிக்கு மேலே பலா, பலாவில் ஏறிய மிளகுக் கொடி, வீட்டை ஒட்டிக் கொய்யாவும் பேரியும். இன்று காய்க்கும் பெரிய மரங்களில் பல, இன்று காய் பறிப்பவர் நட்டவை அல்ல. தாத்தா நட்டது, அப்பா காத்தது.

சேர்வராயன் மலையில் இந்தக் கதைக்கு வயது 200. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியையும், பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் இங்கே கொண்டுவந்து நட்டார். ஆப்பிள் பெரிதாக நிலைக்கவில்லை. காபி மலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எது நிலைக்கும் என்பதை மண் சொல்ல ஒரு தலைமுறை ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி.

அப்படியானால் இப்போது நாம் ஏன் நடத் தயங்குகிறோம்? மழை இல்லை, ஆள் இல்லை என்று காரணம் சொல்வோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. நிலம் தாத்தா பெயரில் இருக்கும். அல்லது நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். 'இன்று நான் நடும் மரம் நாளை யார் பங்கில் விழுமோ' என்ற கேள்வி மனதில் இருக்கும்வரை யாரும் பலா நடமாட்டார்கள். ஓராண்டுப் பயிர்தான் வைப்பார்கள்.

முதலில் காகிதம், பிறகு கடப்பாரை

எனவே முதல் வேலை குழி எடுப்பது அல்ல. பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில் இவற்றில் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்துமோ அதை எழுதிப் பதிவு செய்யுங்கள். அளந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். உடனே பிரிக்க மனமில்லை என்றால், எந்த மரம் யார் நட்டது, விளைச்சல் யாருக்கு எவ்வளவு என்றாவது எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். எல்லைக்கோட்டின் மேல் மரம் வைக்காதீர்கள். இன்றைக்கு வேலி, நாளைக்கு வழக்கு.

மலைக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகளுக்குச் சம பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய பழங்குடியினருக்குப் பொருந்தாது. இதைத் திருத்துவது பற்றிப் பரிசீலிக்குமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. களை எடுத்து, காய் சுமந்து அந்த மரங்களை வளர்த்ததில் மகளுக்கும் பங்கு உண்டு. அவருக்கும் நிலம் சேர வேண்டும் என்று நினைத்தால், சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் காலத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

மூன்று வயதுக்கு மூன்று மரம்

நடுவதென்று முடிவானால், ஒரே மரத்தைக் காடு முழுக்க வைக்காதீர்கள். வருமானத்தை மூன்று காலமாகப் பிரியுங்கள். மலைவாழை ஓராண்டு சொச்சத்தில் தார் தரும். கொய்யா ஒட்டுக்கன்று 2 முதல் 3 ஆண்டில் காய்க்கும். காபியும் மிளகும் 3, 4 ஆண்டில் கைக்கு வரும். இவை இன்றைய வீட்டுச் செலவுக்கு.

அடுத்தது ஆரஞ்சு, பேரி, பட்டர் ஃப்ரூட். ஒட்டுக்கன்றாக வைத்தால் 4, 5 ஆண்டில் பலன் பார்க்கலாம். இவை பிள்ளைகள் படிப்புக்கு.

மூன்றாவது பலா. விதைக்கன்று காய்க்க 7, 8 ஆண்டு ஆகும். ஆனால் நல்ல வடிகால் இருந்தால் நூறாண்டும் நிற்கும். காபிக்கு நிழல், மிளகுக்குத் தாங்குமரம், கடைசியில் மரத்துக்கும் விலை. இது பேரப்பிள்ளைக்கு.

தாத்தா மரத்தின் விதை அதே பழம் தருமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பலாவில் தராது. அயல் மகரந்தச் சேர்க்கை என்பதால் விதைக்கன்று தாயைப் போல இருக்காது. பட்டர் ஃப்ரூட்டும் அப்படியே. தாத்தா வைத்த பலாவின் ருசி குடும்பத்தில் தொடர வேண்டுமானால், மரம் பட்டுப்போகும் முன் அதிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். நாற்றங்காலில் சொன்னால் செய்து தருவார்கள்.

கமலா ஆரஞ்சு மட்டும் விதிவிலக்கு. அதன் ஒரே விதையில் பல கருக்கள் இருப்பதால், முளைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். ஆனால் மலை ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த பசுமை நோயை மறக்கக்கூடாது. நோயுள்ள மரத்துக் குச்சியாலும், சில்லிட் என்ற சிறு பூச்சியாலும் அது பரவும். இலையில் இருபுறமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டு தெரிந்தால் அந்த மரத்துக் குச்சியைத் தொடாதீர்கள். நம்பகமான இடத்தில் நோயற்ற கன்று வாங்குங்கள்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் ஒரே பூ முதலில் பெண்ணாகவும் அடுத்த நாள் ஆணாகவும் திறக்கும். 'ஏ' வகை காலையில் பெண், 'பி' வகை மாலையில் பெண். இரண்டு வகையும் கலந்து நட்டால் காய் நன்றாகப் பிடிக்கும்.

நடும்போது

பலாவுக்கு 8 மீட்டர், ஆரஞ்சுக்கு 6 மீட்டர் இடைவெளி விடுங்கள். பலாவுக்கு 1 மீட்டர், ஆரஞ்சுக்கு முக்கால் மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிட்டு, மேல்மண்ணுடன் தொழுஉரம் கலந்து மூடுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். சரிவில் கன்றைச் சுற்றிப் பிறை வடிவில் கரை கட்டுங்கள். பள்ளத்தில் நீர் நிற்கும் இடத்தில் பட்டர் ஃப்ரூட்டும் பலாவும் வேண்டாம், வேர் அழுகிவிடும். பையில் வேர் சுருண்ட பழைய பலாக் கன்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய மரத்தை எடுக்க நினைத்தால் அவசரப்படாதீர்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், நிலம் உங்களுடையதே ஆனாலும். ரகம், கன்று பற்றிய சந்தேகங்களை ஏற்காட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு நோட்டு வாங்கி, எந்த மரம், எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தது, யார் நட்டார் என்று எழுதி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். நிலம் கைமாறும்போது அந்த நோட்டும் கைமாறட்டும். இந்த மழைக்குள் ஒரு பலாவாவது நடுங்கள். குழிக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளையையும் நிறுத்திக்கொள்ளுங்கள். நாளை அந்த மரத்தைக் காக்கப்போவது அவர்கள்தான்.