சாரல் போல ஒரு மருந்து!

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால், மெயின் அருவிக்குக் கீழே நிற்பவர் முதுகில் தண்ணீர் மொத்து மொத்தென்று விழுகிறது. தள்ளி நிற்பவர் மேலோ சாரல் பூப்போலப் படிகிறது. இரண்டும் சிற்றாற்றுத் தண்ணீர்தான்; துளியின் அளவுதான் வித்தியாசம். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து ஒன்றையும் விஞ்ஞானிகள் இப்படிச் சாரலாக்கியிருக்கிறார்கள்!

மரப்பட்டை தந்த மருந்து

அதன் பெயர் பேக்ளிடாக்சல். அமெரிக்காவில் ‘யூ’ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டவர்களில் மன்சுக் வானி என்ற நம் நாட்டவரும் ஒருவர். புற்று அணுக்கள் பிரிந்து பெருகுவதை இது தடுக்கிறது. ஆனால் தண்ணீரில் கரையாது. ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்திலும் ஆல்கஹாலிலும் கரைத்து ஏற்றுகிறார்கள். அந்தத் திரவம் சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். அதைத் தடுக்க முன்கூட்டியே வேறு மருந்துகள் கொடுக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததுதான் நானோ துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மனித ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். உடலில் பரவிய மார்பகப் புற்றுக்கு இதைக் கொடுக்க 2005-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. சோதனையில் பழைய முறையில் 100-க்கு 19 பெண்களுக்கும், புதிய முறையில் 33 பெண்களுக்கும் கட்டி நன்கு சுருங்கியது. மூன்று மணி நேரம் ஏற்றியதை அரை மணியில் ஏற்ற முடிந்தது. ஆனால் கைகால் மரத்துப்போகும் உபத்திரவம் கூடுதலாகவே இருந்தது.

விலாசம் எழுதிய கடிதம்

துகள் சிறிதானால் போதுமா? போய்ச் சேர வேண்டிய இடம் தெரிய வேண்டாமா? விலங்குகளிடம் நடந்த பல சோதனைகளை 2016-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் கொடுத்த துகள்களில் நூற்றில் ஒரு பங்குகூடக் கட்டிக்குப் போகவில்லை! ஈரலும் மண்ணீரலும் பெரும் பங்கை விழுங்கிவிடுகின்றன.

இங்கேதான் பெப்டைடு வருகிறது. அது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி. 1984-ல் கண்டறிந்த ஆர்.ஜி.டி. என்பதில் மூன்றே மணிகள். கட்டிக்குள் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களில் நிறைந்திருக்கும் கொக்கிகளில் இது போய் மாட்டிக்கொள்ளும். துகள் கடிதம் என்றால், பெப்டைடு அதன் மேல் எழுதிய விலாசம்! எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது. மார்பகப் புற்றுக்கு வழக்கமான வைத்தியமாக இன்னும் வரவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

தென்காசி வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் ஏராளம். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், “வலிக்கவில்லையே, அப்புறம் பார்ப்போம்” என்று கூச்சத்தோடு மறைத்துவிடுகிறார்கள். புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை! தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போய்க் காட்டுங்கள். விலாசம் தெரிந்த மருந்து நாளை வரட்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த கட்டியைக் குணப்படுத்த இன்றைய வைத்தியமே பெரும்பாலும் போதும்!