திருப்பி எடுக்கும் திருப்பூர்!

நீங்க போட்டிருக்கிறது கலர் காட்டன் டி-ஷர்ட்டா? அப்படின்னா அதுக்குள்ள ஒரு உப்புக் கதை இருக்கு பாஸ்!

காட்டனில் சாயம் ஏற, வழக்கமான முறையில் தொட்டியில் உப்பு போட்டே ஆகணும். வேலை முடிஞ்சதும் பெரும்பாலான சாயம் துணியோட ஒட்டிக்கும். உப்பு? தண்ணியோட அப்படியே வெளியே வந்துடும்!

திருப்பூரில் இந்தத் தண்ணி பல வருஷம் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுபடி திறக்கணும்னா, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது.

அப்புறம்தான் டெக்னாலஜி களத்தில் இறங்குச்சு. ஆர்.ஓ. மூலமா தண்ணியைப் பிரிச்சு, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பை எடுக்கிறாங்க. 90 சதவிகிதத்துக்கும் மேல தண்ணி மறுபடி பட்டறைக்கே! உப்பும் திரும்பத் தொட்டிக்கே!

ஆனா, காய்ச்சுறதுக்கு நீராவி, கரன்ட்னு செலவு எகிறும். அதனால புத்திசாலி முதலாளிங்க ஆரம்பத்துலயே பிரேக் போடுறாங்க. தண்ணியை அதிகம் குடிக்கிற பழைய விஞ்ச் மெஷினுக்குப் பதிலா சாஃப்ட் ஃப்ளோ மெஷின். முதல்ல லேப்ல சின்னத் துண்டுல ஷேடு பார்த்துடுறது. ஷேடு தப்பினா முழு லாட்டுக்கும் மறுபடி சாயம், உப்பு, தண்ணின்னு டபுள் செலவாச்சே!

அடுத்த தடவை கிளாஸ்ல எஃபிஷியன்ஸி ஃபார்முலா எழுதும்போது, ஆத்தோரத்துக் கிணத்தையும் கணக்குல சேர்த்துக்கோங்க ஃப்ரெண்ட்ஸ்!