சிவிங்கியும் மேக்கோ சுறாவும்

இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் எப்போதாவது ஓட முயன்றதுண்டா? கரையில் மானாய்ப் பறக்கும் சிறுவன்கூட அங்கே தத்தித் தத்தித்தான் நகர்வான். நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஆகவே, நிலத்தில் மிக விரைந்தோடும் சிவிங்கிப் புலியையும், சுறாக்களில் மிக விரைந்து நீந்தும் மேக்கோவையும் ஒப்பிடும்போது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்பது நியாயமாகாது.

அந்த எண்களும் அப்படியே நம்பத்தக்கவை அல்ல. சிவிங்கி மணிக்கு 110 கி.மீ. ஓடும் என்று படித்திருப்பீர்கள். போட்ஸ்வானா நாட்டில் ஐந்து சிவிங்கிகளுக்குக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டை அணிவித்து, 367 ஓட்டங்களைப் பதிவு செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் கண்ட உச்ச வேகம் 93 கி.மீ.தான். ஓட்டத்தின் சராசரித் தூரமோ வெறும் 173 மீட்டர்! மேக்கோவுக்கு 70 கி.மீ. என்று பல நூல்கள் எழுதுகின்றன. திறந்த கடலில் அதை அளப்பது எளிதன்று. ஆதலால் அந்த எண்ணைச் சற்று ஒதுக்கியே வைப்போம்.

வேகத்தைவிடச் சுவையானது வெப்பத்தின் கதை. தசை இயங்கினால் சூடு பிறக்கும். 1973இல் டெய்லர், ரவுன்ட்ரீ என்ற ஆய்வாளர்கள் சிவிங்கிகளை ஓடுபொறியில் ஓடவிட்டார்கள். உடல்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸை எட்டியதும் அவை ஓட மறுத்துவிட்டன. 'சூடு தாங்காமல்தான் சிவிங்கி துரத்தலைக் கைவிடுகிறது' என்ற கருத்து இப்படித்தான் பரவியது. ஆனால் நமீபியாவில் உடலுக்குள் வெப்பமானி பொருத்தி ஆராய்ந்தபோது (2013) வேறு விதமாகத் தெரிந்தது. துரத்தலின்போது வெப்பம் அவ்வளவாக ஏறவில்லை; ஓட்டம் நின்ற பிறகே ஏறியது. இரை தப்பினால் அரை டிகிரி, இரை சிக்கினால் 1.3 டிகிரி! பிடித்த இரையைப் பறிக்க வேறு விலங்கு வந்துவிடுமோ என்ற பதற்றமே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

மேக்கோவின் தொல்லை நேர்மாறானது. கொதித்த பாலை ஆற்ற, பாத்திரத்தைத் தண்ணீரில் இறக்கி வைக்கிறோம் அல்லவா? கடல்நீரும் அவ்வாறே சூட்டை உறிஞ்சிவிடும். அதிலும், பிராணவாயு பெறச் செவுளுக்குச் செல்லும் இரத்தம் அங்கே நீரை ஒட்டி ஓடிக் குளிர்ந்துபோகும். பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றுநீரின் வெப்பத்திலேயே இருப்பது இதனால்தான்.

மேக்கோ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இடைவிடாது நீந்த உதவும் சிவப்புத் தசை, மற்ற மீன்களில் தோலை ஒட்டி இருக்கும். மேக்கோவிலோ முதுகெலும்பருகே உள்ளே அமைந்துள்ளது. அங்கிருந்து திரும்பும் சூடான இரத்தமும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் நுண்குழாய்களில் பக்கம் பக்கமாக, எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. வெளியேற வேண்டிய சூடு உள்ளே வரும் இரத்தத்துக்குத் தாவி மீண்டும் தசைக்கே சென்றுவிடுகிறது. இதனால் மேக்கோவின் உட்தசை சுற்றுநீரைவிட ஏழெட்டு டிகிரி கூடக் கதகதப்பாக இருக்கக்கூடும். சூடான தசை விரைவாகச் சுருங்கும். குளிர்ந்த நீரிலும் வேகம் குன்றாது.

சிவிங்கியைப்போல் நின்று இளைப்பாற மட்டும் மேக்கோவால் இயலாது. நீந்தினால்தான் செவுளுக்குள் போதிய நீர் பாயும். அது துரத்தும் சூரை மீன்களும் லேசுப்பட்டவை அல்ல. அவற்றின் உடலிலும் இதே குழாய்வலை உண்டு.