செடிக்கும் ஒரு மண்பானை

பொங்கல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வீவக வீட்டு வாசலில் அம்மா ஆறு ஆண்டுகளாக வளர்த்த கறிவேப்பிலைச் செடி இலை உதிர்க்கத் தொடங்கியது. "தினமும்தான் தண்ணி ஊத்துறேன், இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று அம்மா செடியிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்குப் பேர்போன சிங்கப்பூரிலும் வறட்சி உண்டு. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டம் முடிந்ததும் வறண்ட காற்று வீசும். 2014 பிப்ரவரி முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை வெறும் 0.2 மில்லிமீட்டர். மேற்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். பிற்பகல் வெயிலில் சூடேறிய சுவர் இரவிலும் அனலடிக்கும். தரையில் நிற்கும் மரம் வேரை ஆழமாக விட்டு ஈரம் தேடும். தொட்டிச் செடி எங்கே போகும்?

விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அம்மா ஊற்றிய ஒரு குவளை நீர் மேல்மண்ணை மட்டும் நனைத்திருந்தது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரமே இல்லை. மண் காய்ந்து சுருங்கியதால், அதற்கும் தொட்டிக்கும் இடையே இடுக்கு விழுந்திருந்தது. நீர் அதன் வழியே வழிந்து ஓடியது.

முதல் வைத்தியம் எளிது. அதிகாலையில், சிறிது சிறிதாக, அடித்துளையில் நீர் கசியும்வரை ஊற்ற வேண்டும். அடுத்து, விரலுக்கு ஈரம் தட்டாதபோது ஊற்றினால் போதும். வாடிய செடிக்கு உடனே உரம் போடக்கூடாது. மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது.

இரண்டாவது, பானைப் பாசனம். மெருகு பூசாத சிறு மண்பானையைச் செடிக்கு அருகே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்ப வேண்டும். மண் காய்ந்தால், பானையின் நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆசையாக அந்த ஆண்டுப் பொங்கல் பானையையே புதைத்தேன். மூன்று நாளாகியும் நீர் இறங்கவில்லை. "பால் பொங்குன பானைடா, துளையெல்லாம் அடைச்சிருக்கும்," என்றார் அம்மா. தேக்காவில் வண்ணம் பூசாத புதுப் பானை வாங்கி வந்தோம். வேர் அறுபடாமல் இருக்க, செடியை அகலமான தொட்டிக்கு மாற்றும்போதே பானையையும் வைத்தோம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பானையின் வாய் எப்போதும் இறுக மூடியிருக்க வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நீர் கொஞ்சம் இருந்தாலே போதும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டிலும் நீர் நிற்கக்கூடாது.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு நான்கு நாள் மலாக்கா போனோம். அம்மாவுக்கு அங்கேயும் செடி நினைப்புதான். திரும்பி வந்து பார்த்தால் மண்ணில் ஈரம் இருந்தது. அடுத்த சில வாரங்களில் கணுக்களில் தளிரும் வந்தது.

பறிக்கத்தான் அம்மா இன்னும் விடவில்லை. ரசத்துக்குக் கடைக் கறிவேப்பிலைதான்.