நஞ்சின் நிறை

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் ஒருகாலத்தில் மூங்கிற்காடு. பாசு என்பது மூங்கிலுக்குரிய பெயர்; ஊர்ப்பெயரில் அது இன்றும் நிற்கிறது. வாசீசுவரர் கோயிலின் தலவரலாறு ஒரு பாம்பைப் பற்றிப் பேசும். மன்னனைக் கொல்லக் குடத்தில் அடைத்தனுப்பிய பாம்பை இறைவனே பாம்பாட்டியாய் வந்து அடக்கினான் என்பர்.

அந்நிலத்தில் பாம்பை அறிந்தோர் இருளர் என்னும் பழங்குடியினர். 1978இல் பாம்பியலாளர் ரோமுலசு விட்டேக்கரின் முயற்சியால் அவர்களுக்கென வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். இந்தியாவின் நச்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கைவழியே வந்தது. இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். என்றோ வந்திருக்க வேண்டிய சிறப்பு அது.

உலர்ந்த நஞ்சில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். நஞ்சில் எந்தெந்தப் புரதங்கள் உள்ளன என்று காட்டுவது நிறைமாலைமானி. மூலக்கூறுக்கு மின்னூட்டம் தந்து வெற்றிடத்தில் பறக்கவிட்டால், ஒரே மின்னூட்டமுடையவற்றுள் இலேசானது முந்தும், கனத்தது பிந்தும். பறந்த நேரமே அதன் நிறையைச் சொல்லிவிடும். ஆனால் புரதம் மென்மையானது. ஆவியாக்க முயன்றால் சிதைந்துவிடும். 1985இல் சப்பானியப் பொறியாளர் கோயிச்சி தனாகா, கோபால்ட் நுண்துகளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்டிவிட மனமின்றி அதன்மேல் லேசர் ஒளி பாய்ச்சினார். பெரிய மூலக்கூறு சிதையாமல் எழுந்தது! வேதியியலாளர் ஜான் ஃபென் நுண்துளிகளாய்த் தெளிக்கும் மற்றொரு வழி கண்டார். 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இருவரையும் சேர்ந்தது.

ஆய்வாளர் நஞ்சுப் புரதத்தை டிரிப்சின் நொதியால் துண்டாக்குவர். லைசின், அர்ஜினின் எனும் அமினோ அமிலங்களை அடுத்தே அது வெட்டும். துண்டுகளின் நிறைகளைக் கொண்டு புரதத்தை அடையாளங்காண்பர். நாக நஞ்சிலுள்ள மூவிரல் வடிவ நச்சுப்புரதத்தின் நிறை ஏறத்தாழ 7,000 டால்டன் (மூலக்கூறு நிறையலகு); பாஸ்போலிப்பேஸ் என்னும் நொதியின் நிறை அதைப்போல் இருமடங்கு. லியூசின், ஐசோலியூசின் எனும் அமினோ அமிலங்கள் ஒரே நிறையுடையவை ஆதலின், அவற்றைப் பிரித்தறிய நிறை மட்டும் போதாது.

இவ்வெடைபோடலால் வெளிப்பட்ட உண்மை கவலை தருவது. ஒரே இனப் பாம்பாயினும் நிலத்துக்கு நிலம் நஞ்சின் கலவை மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினரின் ஆய்வுகள் இதனை விளக்கின. வடதமிழகத்து நஞ்சை ஏற்றிக் குதிரைக் குருதியில் விளைவித்த மருந்து, தொலை வட்டாரத்து நாகத்தின் கடிக்கு முழுதும் ஈடுகொடுப்பதில்லை. பாம்புக்கடியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேரை இழக்கும் நாடு இது. ஒவ்வொரு வட்டாரத்தின் நஞ்சையும் தனித்தனியே திரட்டி ஆராய வேண்டும். அதற்கு மானியைப் போலவே, வரப்பில் கிடக்கும் தடத்தைப் பார்த்ததும் பாம்பு எவ்வளையில் புகுந்தது என்றறியும் இருளர் கண்களும் வேண்டும்.